நத்தையின் ஒப்புதல்

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று ரொட்டிக்கடையின் குளிர்பெட்டியை உயிர்ப்பித்தேன். பெட்டியா அது? குகை. உள்ளே நின்று கூப்பிட்டால் எதிரொலி மறுநாள்தான் வந்து சேரும். கம்ப்ரசர் மூச்சடங்கிக் கிடந்தது. கடைக்காரர், "இனிமே இது தேறாதுங்க, தூக்கிப் போட்டுடலாம்" என்றார். நான் அதன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். அதைக் கிளப்பிவிடும் ரிலே போயிருந்தது. புதிதாக ஒன்று போட்டதும் முனகிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தது. செத்ததை எழுப்பும் வித்தை தெரிந்தவன் பூமியில் நான் ஒருவன்தான் என்று அவரிடம் சொன்னேன். கையில் ஒரு பன்னைக் கொடுத்து என் வாயை அடைத்தார்.

வீட்டுக்கு வந்தால் கூடத்தின் நடுவில் சுண்டெலி இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். அக்கா மகள். கணினிப் படிப்பில் மூன்றாம் ஆண்டு. பிறந்தபோது என் உள்ளங்கையில் அடங்கினாள் என்று நான் வைத்த பெயர். ஆள் என்னைவிட உயரமாகிவிட்டாள், பெயர் மட்டும் வளரவில்லை.

"மாமா, இந்த வருஷம் சம்மர் புராஜெக்டுக்கு அப்ளை பண்ணப் போறேன்."

எனக்குப் புரிந்த வரை விஷயம் இது. உலகமெங்கும் பைத்தியங்கள் சிலர் சம்பளம் வாங்காமல் மென்பொருள் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நடுத்தெருவில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஓபன் சோர்ஸ் என்று அதற்குப் பெயர். கோடையில் இந்தப் பைத்தியங்கள் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வேலை தருவார்கள். ஆனால் சேருவதற்கு முன்பே அவர்களுடைய நிரலில் ஒரு பிழையையாவது திருத்தி, அதை அவர்கள் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். கடைசி நாள் ஏப்ரல் எட்டு.

"எந்தப் புராஜெக்ட்?"

சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா, மடித்த சட்டையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

அத்தானுடைய புராஜெக்ட் அது.

பிப்ரவரி 24

நேற்று எழுதியதைப் படித்தால் ஏதோ சாதாரணமாகச் சொன்னதுபோல இருக்கிறது. இல்லை.

அத்தான் பகலில் ஒரு அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடும் நிரல்களை மேய்ப்பவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இந்த இலவச வேலையில் உட்காருவார். பழைய ஒலிப்பதிவுகளில் உள்ள இரைச்சலை நீக்கிப் பேச்சை மட்டும் தனியாக எடுக்கும் மென்பொருள். காற்று, மின்விசிறி, தெருவில் போகும் லாரி எல்லாவற்றையும் வடிகட்டும். அந்த வடிகட்டும் பகுதி முழுக்க அத்தான் எழுதியது. அங்கே அவர் வைத்துக்கொண்ட பெயர் நத்தை. எதையும் யோசித்து யோசித்துத்தான் செய்வார் என்பதால். சாப்பிட வாங்க என்றால்கூட யோசித்துத்தான் வருவார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கடைசியில் மருந்துக் கடை வரிசையில் நின்றவர் அப்படியே உட்கார்ந்தார். அவ்வளவுதான். அதற்கு மட்டும் யோசிக்கவே இல்லை.

நான் இப்போது படுப்பது அவருடைய வேலை அறையில். வீட்டில் ஆண்துணை வேண்டும் என்று அக்கா கூப்பிட்டாள் என்பது ஊருக்குச் சொல்லும் கதை. உண்மையில் என் சமையலை நானே சாப்பிட்டுச் சாகாமல் இருக்கத்தான் கூப்பிட்டாள். அறையில் அவருடைய கணினி இன்னும் ஓடுகிறது. அவர் கிளம்பிப் போன அன்று ஓடிக்கொண்டிருந்தது, அக்கா அதை அணைக்க விடவில்லை. நடுவில் மின்சாரம் போனால் அணையும். வந்ததும் தானாகவே எழுந்து, அவர் திரையில் திறந்து வைத்திருந்த ஜன்னல்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளும். அப்படி அமைத்து வைத்திருக்கிறார் மனுஷன். யாரையும் கடவுச்சொல் கேட்பதில்லை. உள்ளே விசிறி சுற்றுகிற சத்தம் — ஆள் பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல மூச்சு விடுவதுபோல.

நான் பேய்க்குப் பயப்படுகிறவன் அல்ல. பேய்கள் எனக்குப் பயந்து மூன்று தெரு தள்ளிக் குடிபோய்விட்டன. இருந்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

சுண்டெலி பழுதைக் கண்டுபிடித்துவிட்டாள். பேசுகிறவர் வாக்கியத்தின் கடைசியில் குரலைத் தாழ்த்தினால், மென்பொருள் அதையும் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடுகிறதாம். நிறைய பேர் புகார் எழுதியிருக்கிறார்கள். வடிகட்டியில் ஓர் அளவை மாற்ற வேண்டும், அதற்கு மேலே ஒரு சோதனையும் எழுத வேண்டும்.

"ஏன் இத்தனை நாள் யாரும் தொடலை?" என்றேன்.

திரையைத் திருப்பிக் காட்டினாள். நிரலுக்கு நடுவே, இயந்திரம் படிக்காமல் தாண்டிப் போகும் குறிப்பு ஒன்று. மேலும் கீழும் ஆங்கிலம், அது மட்டும் தமிழில், அத்தான் எழுதியது:

"இங்கே ஒரு பேய் இருக்கிறது. தட்டாமல் உள்ளே வராதே."

"அங்க இருக்கறவங்க யாருக்கும் தமிழ் தெரியாது மாமா. ஏதோ மந்திரம்னு நினைச்சிட்டு இருக்காங்க."

இருவரும் சிரித்தோம். பிறகு அவள் மெல்ல மேசையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அந்த வரிக்குக் கீழே எழுதத் தொடங்கினாள்.

மார்ச் 5

துணிக்கடையின் ஏசி. தூசியில் ஒரு மாமாங்கத்து வரலாறு. தும்மித் தும்மி மூளை இடம் மாறிவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

திருத்தத்தை அனுப்பிவிட்டாள். நான் போருக்கு வழியனுப்புகிற மாதிரி நெற்றியில் கை வைத்து நின்றேன். சற்று நேரத்தில் பதில் வந்தது. ஆள் இல்லை, ஒரு தானியங்கி. யார் என்ன அனுப்பினாலும் வாசலில் நின்று சோதித்து, எந்தப் பகுதிக்கு எவர் பொறுப்போ அவருக்குத் தள்ளிவிடும். வாயிற்காவலன் என்று பெயர் சூட்டியிருக்கிறேன். அது எழுதியிருந்தது:

"சோதனைகள் அனைத்திலும் தேறியது. நத்தையின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது."

சுண்டெலி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விதி மாமா. அந்தப் பகுதியில யாரு எதைத் தொட்டாலும் அப்பா அப்ரூவ் பண்ணணும்."

"செத்துப் போனவர் எப்படிம்மா?"

அவள் கதவைப் பார்த்தாள். அக்கா சமையலறையில் இருந்தாள்.

"அப்பா இல்லைன்னு புராஜெக்ட்ல யாருக்கும் தெரியாது."

மார்ச் 10

கேட்டுக் கேட்டு அவளிடமிருந்து முழுக் கதையையும் வாங்கிவிட்டேன்.

அந்தப் புராஜெக்டை நடத்துகிறவள் கடல் கடந்த ஓர் அம்மாள். எவரையும் அதட்டுவாளாம், ஆனால் அத்தானிடம் மட்டும் அடங்கிப் போவாளாம். பேரரசி என்று வைத்துக்கொள்வோம். அத்தான் போன அந்த வாரம் இருவருக்கும் பெரிய சண்டை. இதே பழுதைப் பற்றித்தான். மெல்லிய குரல்கள் வெட்டுப்படுகின்றன, அளவை இறக்கு என்று அவள். இறக்கினால் இரைச்சல் வந்துவிடும் என்று அத்தான். எல்லோரும் பார்க்கிற இடத்தில் அவள் ஏதோ கடுமையாகக் கத்தியிருக்கிறாள். அத்தான் கடைசியாக எழுதியது, "யோசித்துச் சொல்கிறேன்."

அதன்பின் சொல்லவே இல்லை.

அவர்கள் பேசிக்கொள்ளும் அரட்டை அறை ஒன்று உண்டு. அதில் யார் இருக்கிறாரோ அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. அத்தானின் கணினியை அணைக்கவே இல்லையே? அதனால் நத்தைக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி அன்றிலிருந்து இன்றுவரை எரிந்துகொண்டே இருக்கிறது. ஆள் இருக்கிறார், பேச மாட்டேன் என்கிறார். கோபம். அப்படித்தான் அத்தனை பேரும் நினைத்திருக்கிறார்கள். அவர் மனம் மாறும் வரை அந்தப் பகுதியை யாரும் தொடக் கூடாது என்று பேரரசியின் கட்டளை.

"சொல்லிட வேண்டியதுதானே?" என்றேன்.

"நான் யாருன்னே சொல்லலை மாமா. அப்பா பேரைச் சொல்லி உள்ள போகக் கூடாது, என் வேலையைப் பாத்துச் சேர்க்கணும்." கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். "அதுவும் பொய்தான். அது இல்லை. அந்த ஒரு எடத்துலதான் மாமா அப்பா இன்னும் சாகலை. கோச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அவ்வளவுதான். நான் எப்படிப் போய் —"

முடிக்கவில்லை.

மார்ச் 11

இன்று அறைக்குள் போனபோது விசிறிச் சத்தம் வேறு மாதிரி கேட்டது. யோசித்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 19

பேரரசி நேரடியாகவே பதில் எழுதியிருக்கிறாள். சுண்டெலி தமிழில் சொன்னாள்: "அருமையான வேலை. நான் கண்டதிலேயே சுத்தமான திருத்தம். ஆனால் இது நத்தையின் வீடு. அவர் கதவைத் திறக்காமல் நான் உள்ளே வர மாட்டேன். வேறு பகுதியில் எதையாவது திருத்தி அனுப்பு, சேர்த்துக்கொள்கிறேன்."

"பண்ணேன்! வேற ஏதாவது ஒரு ஓட்டையை அடைச்சிட்டு உள்ள போயேன்!" என்றேன். "இந்த ஒரு சன்னலைப் பிடிச்சுத் தொங்கணும்னு என்ன?"

"முடியாது."

"யாரு மாதிரிடி இவ்வளவு பிடிவாதம்?"

"உங்க அக்கா மாதிரி" என்றாள். சமையலறையிலிருந்து, "என் தலையை ஏன் உருட்டறீங்க" என்று குரல்.

மார்ச் 26

நாட்கள் ஓடுகின்றன. சுண்டெலி சாப்பிடுகிற அளவுக்கு ஓர் எறும்பு சாப்பிட்டாலும் மயங்கி விழும். கைபேசியை எடுத்துப் பார்ப்பாள், வைப்பாள், எடுப்பாள். வாயிற்காவலன் அதே வரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.

யாரிடம் இருந்து? என் கட்டிலுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து மூச்சு விடுகிறதே, அதனிடம் இருந்து.

மார்ச் 30, ஞாயிறு

செய்துவிட்டேன்.

அக்காவும் அவளும் பல் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். மேசையைத் துடைக்கலாம் என்று போனேன். துடைத்தேன். மவுஸ் நகர்ந்தது. திரை விழித்தது. அத்தான் திறந்து வைத்தபடியே எல்லாம் இருந்தன. ஒரு மூலையில் சிவப்பாக ஏதோ எண், அழுத்தினேன். அவருடைய ஒப்புதலுக்குக் காத்திருக்கிறவை. மேலே சுண்டெலியின் திருத்தம். அருகில் பச்சைப் பொத்தான். அழுத்து, அழுத்து என்று கெஞ்சுகிற பொத்தான்.

அத்தான் இருந்திருந்தால் அழுத்தியிருக்க மாட்டாரா? யோசித்திருப்பார். நாலு நாள் யோசித்து, அஞ்சாம் நாள் அழுத்தியிருப்பார். மகளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு? நான் செய்தது அந்த நாலு நாளைக் குறைத்தது மட்டும்தான்.

கீழே ஏதாவது எழுத ஒரு கட்டம் இருந்தது. அவர் எதற்கும் சொல்கிற மாதிரி ஒரே எழுத்து எழுதினேன். "ம்."

அழுத்தினேன்.

உலகை ஆளும் சக்கரவர்த்திகளே, வந்து பாருங்கள். செத்தவர் கையெழுத்தை வாங்கி வந்த ஒரே மனிதன் நான்.

அதே நாள், மாலை

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு மறுபடி திறந்தேன்.

படிக்கட்டில் ஓடி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பல் வலிக்குப் போட்ட மருந்தில் பாதி முகம் மரத்திருந்தது, வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. நேரே இந்த அறைக்குத்தான் வந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே — நாற்காலியைப் பார்த்தாள்.

நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்க்கவே இல்லை அவள். காலி நாற்காலியைத்தான் பார்த்தாள். முகத்தில் இருந்த அதை — என்னவென்று எழுத? சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை, இனிமேல் பார்க்கவும் வேண்டாம்.

பிறகு என்னைப் பார்த்தாள். என் கையில் துடைக்கிற துணி.

"நீங்களா?"

நான் சிரித்தேன். அட, சிரிச்சேன்டா நான்! வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சமாளிச்சிடலாம்னு நெனைச்சேன். "பாத்தியா, மாமா இருக்கறப்போ —"

"பஸ்ஸுல வரும்போது பார்த்தேன். 'நத்தை ஒப்புதல் அளித்தார்'. 'ம்'னு வேற. ஒரு நிமிஷம் மாமா. ஒரே ஒரு நிமிஷம் நான்..." மரத்துப் போன வாயால் வார்த்தை சரியாக வரவில்லை. "மூளைக்குத் தெரியும். எனக்குத் தெரியும். ஆனா ஒரு நிமிஷம் —"

போய்விட்டாள்.

அந்த ஒரு நிமிஷத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? எந்தப் பெட்டியில்?

ஏப்ரல் 1

பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போகிறாள். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. "ரெண்டு பேரும் என்ன மௌன விரதமா?" என்றாள். பல்வலி என்றேன். "அவளுக்குத்தானே பல்வலி?" என்றாள்.

ஏப்ரல் 3

கணினியில் செய்திகள் வந்து குவிந்தபடி இருக்கின்றன. திரை அணைவதே இல்லை. நான் பார்க்கக் கூடாது என்று முதுகைக் காட்டிப் படுத்தால், ஒவ்வொரு செய்திக்கும் சுவரில் வெளிச்சம் விழுகிறது.

கடைசியில் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் கம்ப்ரசரின் பின்பக்கம் எழுதியிருக்கும் அளவுதான். ஆனாலும் இது புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

பேரரசி எழுதியிருக்கிறாள். "நீ திரும்பி வந்துவிட்டாய். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் நான் உன்னிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தினமும் காலையில் முதலில் உன் பெயருக்குப் பக்கத்தில்தான் பார்ப்பேன். பச்சைப் புள்ளி இருக்கும். இருக்கிறாய், என்னிடம் மட்டும் பேசவில்லை என்று தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்குவேன். என்னை மன்னித்துவிட்டாயா? ஒரு 'ம்' போதும்."

அத்தானுக்கு வந்த மன்னிப்புக் கடிதத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், உள்ளாடையோடு, ஒரு குளிர்பெட்டி மெக்கானிக்.

ஏப்ரல் 4

சுண்டெலிக்கும் பேரரசி எழுதியிருக்கிறாள். திருத்தத்தை அன்றே சேர்த்துவிட்டார்களாம். "நத்தையைப் பேச வைத்தவள் நீ. விண்ணப்பத்தை அனுப்பு. உன் இடம் உனக்குத்தான்." அதைக் காட்டத்தான் என்னிடம் பேசினாள். பேச்சா அது? கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

பேசாமல் இருந்தால் கோடை முழுவதும் அவளுடையது. மூச்சு விட்டால் போச்சு.

நான் என் பங்குக்குப் பேரரசியின் கடிதத்தைக் காட்டினேன். மறைக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. அவள் படித்தாள். மறுபடியும் மேலிருந்து படித்தாள்.

"பச்சைப் புள்ளியா..." என்றாள்.

ஏப்ரல் 5, சனி

அக்காவிடம் சொன்னாள். எல்லாவற்றையும். நான் வாசற்படியில் உட்கார்ந்து, அடுத்த வீட்டுக்காரனின் ஸ்கூட்டரை உலகின் எட்டாவது அதிசயம்போல் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டு விழும் என்று முதுகைத் தயாராக வைத்திருந்தேன்.

அக்கா என்னைத் திட்டவே இல்லை. நேரே அறைக்குள் போனாள், நானும் பின்னாலேயே போனேன். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவை. அந்த ஆங்கிலத்தைச் சுண்டெலியைப் படித்துச் சொல்லச் சொன்னாள்.

"அந்தம்மா இத்தனை நாளா இவரு கோச்சுக்கிட்டாருன்னா நெனச்சிட்டு இருக்கு?"

"ஆமாம்மா."

"அவரா? அவருக்குக் கோவம் வருமா? சோத்துல உப்பு இல்லேன்னாகூட, யோசிச்சுச் சொல்றேன்னு சொல்ற மனுஷன்!" நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உயிரோட வச்சிருக்கோம்னு நெனச்சு, கோவத்தோட வச்சிருக்கோம்டி அவரை."

"சொன்னா இடம் போயிடும்மா."

"போகட்டும்னு நான் சொல்ல மாட்டேன். உன் படிப்பு, உன் இஷ்டம். ஆனா அவரு அப்படிப்பட்டவரு இல்லைன்னு யாராவது அந்தம்மாகிட்ட சொல்லணும்."

யாராவது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சுண்டெலி எழுதினாள். நான் எழுதுகிறேன் என்று முன்வந்தேன். "நீங்க எழுதினா அப்பாவைப் புலி அடிச்சிடுச்சுன்னு எழுதுவீங்க" என்றாள். ஒரு வாரத்தில் இதுதான் முதல் கிண்டல். அழுகை வந்தது, தூசி என்று சொன்னேன்.

ஆனால் ஒரு பத்தி நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பொத்தானை அழுத்தியது நான். அவளுக்குத் தெரியாது. ஒப்புதல் செல்லாது. அலங்காரம் எதுவும் இல்லாமல் நான் சொன்ன முதல் மூன்று வாக்கியங்கள்.

அவள் எழுதியதில் ஒரு வரி: "அவர் உங்கள் மேல் கோபமாக இல்லை. யோசித்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே இறந்துவிட்டார்." தன் திருத்தத்தை வெளியே எடுத்துவிடும்படியும் கேட்டிருந்தாள்.

அனுப்பியதும் அக்கா உள்ளே வந்தாள். "இதை எப்படி அணைக்கிறது?" என்றாள். சுண்டெலி காட்டினாள். அக்கா அழுத்தினாள். விசிறி சுற்றிச் சுற்றி, வேகம் குறைந்து, நின்றது.

எங்கேயோ ஒரு நாட்டில், ஒரு பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி.

ஏப்ரல் 7

இந்த அறை இவ்வளவு பெரியதா? நான் இருமினால் நாலு மூலையிலிருந்தும் இருமல் திரும்பி வருகிறது.

ஏப்ரல் 8

பேரரசியிடமிருந்து பதில் இல்லை. சுண்டெலி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். ஏற்றுக்கொள்ளப்பட்ட திருத்தங்கள் என்ற இடத்தில் "எதுவும் இல்லை" என்று எழுதினாளாம்.

"ஒண்ணாவது போட்டிருக்கலாமே, வேற பகுதியில."

"இருக்கட்டும் மாமா."

ஏப்ரல் 13, ஞாயிறு

பதில் வந்தது. சின்னது. சுண்டெலி சத்தமாகப் படித்தாள், அக்கா கேட்க வேண்டும் என்று.

"உடனே எழுத முடியவில்லை. என்னோடு வேலை செய்த எல்லோருக்கும் ஒவ்வொருவராகச் சொன்னேன். அதற்கு இத்தனை நாள் ஆயிற்று. உன் திருத்தத்தை எடுத்துவிட்டேன். அது நல்ல திருத்தம்தான், உள்ளே வந்த வழிதான் தவறு. இந்த வருடம் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன். உன் பெயரைப் பார்த்தால் என்னால் நடுநிலையாக இருக்க முடியாது. உன் மாமாவிடம் சொல். அவர் மேல் எனக்குக் கோபம். கொஞ்ச நாள் இருக்கும்."

"கொஞ்ச நாளா? ரொம்ப நல்ல மனசு" என்றாள் அக்கா, என்னைப் பார்த்துக்கொண்டு.

மே 8

பட்டியல் வந்துவிட்டது. இரண்டு பேர். அவள் பெயர் இல்லை.

நான் திட்டு வாங்கத் தயாராகப் போனேன். சுண்டெலி மாம்பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி வைத்தாள். அதுதான் தாங்கவில்லை. அறைந்திருக்கலாம் அவள்.

"எல்லாம் என்னாலதான்."

"பாதி உங்களால, பாதி என்னாலயே. வேற எதையாவது திருத்தி அனுப்பியிருந்தா கிடைச்சிருக்கும். குடிங்க, சூடாயிடும்."

மே 10

அவள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். எனக்குத்தான் படிக்கட்டில் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கதவு திறக்கிறது. காலி நாற்காலியைப் பார்க்கிற அந்த முகம். வேலையில், பஸ்ஸில், பெட்டிக்குள் தலையை விட்டிருக்கும்போது. பேய் என்றால் இறந்தவர்கள்தான் என்று யார் சொன்னது? உயிரோடு இருக்கிற பிள்ளையின் ஒரு நிமிஷமும் பேயாகச் சுற்றும்.

மே 18

கோடைத் திட்டத்தில் இல்லாமலேயே அவள் அந்தத் திருத்தத்தை முதலிலிருந்து செய்கிறாள். கணினியை அவளே மறுபடி போட்டுக்கொண்டாள், வேலை நேரத்துக்கு மட்டும். முடிந்ததும் அணைத்துவிடுகிறாள். அந்தப் பகுதிக்கு இப்போது யாருடைய பெயரும் இல்லையாம். ஒப்புதலைப் பேரரசியே பார்க்கிறாளாம். மறுபடி கடுமையாகக் கேள்வி கேட்கிறாள். சுண்டெலி பல்லைக் கடித்துக்கொண்டு பதில் எழுதுகிறாள்.

"என்ன சொல்றா உன் பேரரசி?"

"குரல் மாதிரிகள் பத்தலையாம். கடைசியில தேய்ஞ்சு போற குரலா வேணும். யார் வேணாலும் எடுத்துக்கலாம்னு மனசோட கொடுத்த குரலா இருக்கணும்."

மே 25, ஞாயிறு

என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். முன்னால் ஒரு மைக். "ஏதாவது பேசுங்க மாமா. முடிக்கும்போது குரல் இறங்கணும்."

உலகப் புகழ்பெற்ற என் குரல் இறங்குமா? பேசினேன். வாக்கியத்துக்கு வாக்கியம் உச்சத்தில் போய் நிற்கிறது. "இது கட்சிக் கூட்டமா மாமா? கடைசியில அடங்குங்க!" பல தடவை முயன்றோம். அடங்கவில்லை. எதிர்வீட்டு நாய் வந்து வாசலில் நின்று குரைத்தது, அதுவும் பதிவாகிவிட்டது.

"சரி, ஏதாவது கதை சொல்லுங்க. மைக்கை மறந்துடுங்க."

நாலு மாடிக் கட்டடத்துக்கு ஒரு குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன கதையைச் சொன்னேன். மலையளவு பெட்டி. நான் ஒற்றை ஆளாகத் தோளில் வைத்துப் படியேறினேன், நடுவில் மின்சாரம் போனது, இருட்டில் கால் நழுவியது, ஆறு பேரைக் காப்பாற்றினேன், இத்யாதி. அவள் கண்ணாலேயே சிரித்தாள், சத்தம் வராமல்.

அப்போது நினைவுக்கு வந்தது. ஒற்றை ஆள் இல்லை. கீழே இருந்து பெட்டியைத் தாங்கியது அத்தான். அலுவலகச் சட்டையோடு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் டார்ச்சை இடுக்கிக்கொண்டு. அதையும் சொல்லிவிட்டேன். கால் நழுவியபோது கீழே இருந்து அவர் சொன்னதையும், அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். அவசரமே இல்லாமல், மெல்ல.

அவள் பதிவை நிறுத்தினாள். முதலில் பழைய வடிகட்டியில் போட்டாள். என் குரல் பெரிதாக வந்து, கடைசியில், "பயப்படாத மாப்ள" என்பதோடு அறுந்து நின்றது. பிறகு தன்னுடையதில் போட்டாள். நாய் போனது, விசிறி போனது, தெரு போனது. "பயப்படாத மாப்ள. நான் கீழதான் இருக்கேன்."

கடைசி எழுத்து வரை இருந்தது.

பின்னால் அக்கா. ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி கதவில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

"யாரு அது பேசினது?"

"மாமாதாம்மா" என்றாள் சுண்டெலி. "மாமா குரல்."

அக்கா உள்ளே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை போடு."